சென்னை மாகாண ஆளுநர்களும் நம் மக்களின் மனையும் நிலமும்

உத்திரமேரூர் என்ற பெயரைக் கேட்ட அளவிலேயே கற்றோர் நெஞ்சில் தோன்றுவது குடவோலைக் கல்வெட்டு. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும், வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் பொறிக்கப்பெற்ற அவ்விதிகளை நம் பாடநூல்கள் பெருமையுடன் பேசுகின்றன. பேசுவது தக்கதே. ஆயினும், அவற்றை மாணவர்க்குச் சொல்லிக் கொடுக்கும்போது நாம் ஓர் இடத்தில் சற்றே நின்றுவிடுவது வழக்கம். இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவன், தன் சொந்த மனையில் வீடு கட்டிக்கொண்டவன், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்டவன், வேதம் கற்றவன். இத்தகையோன் பெயரே ஓலையில் எழுதிக் குடத்தில் இடப்படும். நிலமும் மனையும் இல்லாதவன் பெயரை எழுத அங்கே ஓலை இல்லை.

இந்தக் கல்வெட்டு பொறிக்கப்பட்டு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழிந்தபின், நம் வட்டாரம் வெள்ளையர் ஆட்சியில் இருந்தது. அப்போதும் சேரியில் குடியிருந்த நம் முன்னோர்க்குத் தாம் படுத்துறங்கிய மண் சொந்தமில்லை. ஆகவே, சென்னைக் கோட்டையிலிருந்து நம்மை ஆண்ட ஆளுநர்களின் வரலாற்றை நம் இளைஞர்கள் படிக்கும்போது, வழக்கமான வரிசைப்படி யார் எந்தப் பாலம் கட்டினார், யார் பெயரில் எந்தச் சாலை உள்ளது என்று மனப்பாடம் செய்வதோடு நில்லாமல், ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு வினாவைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது நம் கருத்து. நம் மக்களின் மனையும் நிலமும் இவர் காலத்தில் என்ன ஆயின? சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கென இவ்வினாவை ஏந்தியே அந்த வரலாற்றுள் புகுகின்றோம்.

முதற்கண் வந்தவர்கள் வணிகர்கள். அவர்களைப் பற்றி நாம் நெடிது பேச வேண்டுவதில்லை. 1687 முதல் 1692 வரை ஆளுநராயிருந்த எலிஹு யேல் சொந்த வாணிபத்தில் பெரும்பொருள் திரட்டினார் என்ற குற்றச்சாட்டின்மேல் பதவி இழந்தார். அவர் ஈந்த பொருளால் அமெரிக்காவில் ஒரு கல்லூரி அவர் பெயர் பெற்று, இன்று உலகம் போற்றும் பல்கலைக்கழகமாய் விளங்குகிறது. அதே காலத்தில் அதே கோட்டையிலிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டனர் என்பதைக் கும்பினியின் ஏடுகளே கூறுகின்றன. பிகட் பிரபு என்பவர் இருமுறை ஆளுநராயிருந்தவர்; 1776-இல் தம் ஆலோசனை மன்றத்தாராலேயே சிறைப்படுத்தப்பட்டு, மறு ஆண்டு காவலிலேயே உயிர் நீத்தார். இவர்கள் கதைகள் நாடகத்துக்கு ஏற்றவை. ஆனால் நம் சேரிகள் இவர்கள் கண்ணில் பட்டனவாகத் தெரியவில்லை.

செங்கல்பட்டுச் சீமையை ஆர்க்காட்டு நவாபு முகமது அலி 1763-இல் கும்பினிக்கு ஜாகீராக அளித்தார். அன்று முதல் நம் ஊர்களின் வரலாறு கோட்டையின் வரலாற்றோடு பிணைந்தது. ஜாகீரில் கால் வைத்த கும்பினி அதிகாரிகள் கண்டு வியந்த அமைப்பு மிராசு. ஊர் நிலம் முழுவதிலும், விளையும் நிலத்தில் மட்டுமன்றித் தரிசிலும் புறம்போக்கிலும் நத்தத்திலுங்கூட, சில குடும்பங்களுக்கே பரம்பரை உரிமை உண்டு என்பது அதன் பொருள். திருக்குறளுக்கு ஆங்கிலத்தில் உரை கண்ட எல்லிஸ் துரை இந்த மிராசு உரிமையைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். உழுதவன் படியாள், அவன் தந்தையும் படியாள், திருமணத்துக்கு வாங்கிய சிறு கடனுக்கு ஈடாக அவன் மகனும் படியாள். இதுவே மிராசின் மறுபக்கம்.

தாமஸ் மன்றோவும் மற்றச் சாதியார் கட்டமும்

ஆளுநர்களுள் மக்கள் நினைவில் நிலைத்தவர் மன்றோ. சென்னைத் தீவுத்திடலில் அங்கவடி இல்லாக் குதிரைமேல் அமர்ந்திருக்கும் சிலையைக் காணாதார் சிலரே. 1761-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தையார் அமெரிக்காவுடன் வாணிபம் செய்தவர். அமெரிக்க விடுதலைப் போரினால் வாணிபம் நொடித்துப்போகவே, மகன் 1780-இல் படையில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். பாராமகாலில் ரீடு என்பாரின்கீழ் நிலவரிப் பணியில் ஏழாண்டு உழைத்தார். கன்னடச் சீமையிலும், பின்னர் கடப்பை, பல்லாரி முதலிய ஒப்படைக்கப்பட்ட மாவட்டங்களிலும் கலெக்டராயிருந்து, 1820-இல் ஆளுநரானார். 1827 ஜூலை 6-ஆம் நாள் பத்திகொண்டாவில் வாந்திபேதி கண்டு இறந்தார். பதவிக்காலம் முடிந்து ஊர் திரும்ப வேண்டியவர், விடைபெறுவதற்காகத் தாம் முன்பு பணியாற்றிய மாவட்டங்களைச் சுற்றி வந்தபோது நேர்ந்த முடிவு அது. அரசன் போல் வந்து அரசன் போல் போனவர்கள் பலருள், வெயிலில் கூடாரமடித்து உழவரோடு தெலுங்கிலும் கன்னடத்திலும் பேசிய ஓர் ஆளுநர் இவர். இதை நாம் மறுப்பதற்கில்லை.

இவர் நிலைபெறச் செய்ததே இரயத்துவாரி முறை. இடையில் ஜமீன்தார் எவரும் இன்றி, உழவனோடு அரசு நேரே கணக்கு வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. நம் ஜாகீரிலும் 1802-ஐ ஒட்டி நிலங்களை முட்டாக்களாகப் பிரித்து ஏலம் விட்ட ஜமீன் முறை சில ஆண்டுகளிலேயே தோற்றுப்போக, இரயத்துவாரியே இறுதியில் நின்றது. ஏட்டில் படிக்க இனிமையானது. ஆனால் ‘உழவன்’ என்று அரசு பட்டாவில் எழுதிக்கொண்டது யாரை? செங்கல்பட்டில் அது பெரும்பாலும் மிராசுதாரரையே குறித்தது. சேற்றில் இறங்கி நடவு நட்டவன் பட்டாவில் இல்லை. தரிசு நிலம் வேண்டி ஒருவன் தர்காஸ்து கொடுத்தால், முதல் உரிமை மிராசுதாரர்க்கு. அவர் வேண்டாம் என்றால்தான் பிறர்க்கு. அவர் வேண்டாம் என்று சொல்வாரா? சேரியான் ஒருவன் நிலம் கேட்கிறான் என்றால், தமக்கு அந்நிலம் தேவையில்லாவிடினும் தேவை என்றே சொல்வார். படியாள் நிலம் பெற்றுவிட்டால் பண்ணைக்கு ஆள் ஏது?

மன்றோ செய்த இன்னொரு பணி ஆசிரியர்களாகிய நமக்கு மிக நெருக்கமானது. 1822-இல் மாகாணம் முழுவதும் எத்தனை பள்ளிகள், எத்தனை மாணவர், எந்தெந்தச் சாதியார் என்று கணக்கெடுக்க ஆணையிட்டார். கலெக்டர்கள் அனுப்பிய பட்டியல்களைத் தொகுத்து 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகளும் 188,650 மாணவரும் இருந்ததாகக் காண்கிறோம். அப்பட்டியலில் பிராமணர், வைசியர், சூத்திரர், முகம்மதியர் எனத் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. நம் மக்களுக்குத் தனிக் கட்டம் இல்லை. ‘மற்றச் சாதியார்’ என்ற பொதுக் கட்டம் ஒன்றே உண்டு. அந்தக் கட்டத்துள் நம் பிள்ளை ஒருவனேனும் இருந்தானா என்று தேடத் தேட, கல்வியின் வரலாறு வேறொரு முகம் காட்டுகிறது. பின்னர், மாவட்டத் தலைநகரிலும் தாலுகாக்களிலும் பள்ளி அமைக்க மன்றோ வகுத்த திட்டத்தில் இந்துக்களுக்கு ஒரு வகை, முகம்மதியர்க்கு ஒரு வகை என இடம் ஒதுக்கப்பட்டது. சேரிக்கென ஒரு சொல்லும் இல்லை. அந்தப் பள்ளிகளும் 1836-இல் மூடப்பட்டன.

அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்ற 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் தலைமை ஆளுநர் எல்லன்பரோ காலத்தில், டுவீடேல் பிரபு சென்னையில் ஆளுநராயிருக்கும்போது வந்தது. அதன்பின் அடிமை என்ற சொல் ஆவணங்களில் மறைந்தது. கடன் பத்திரம் அதன் இடத்தைப் பிடித்தது. இதற்குமேல் டுவீடேலைப் பற்றி நமக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

பக்கிங்காம் கோமகனும் ஒரு பவுண்டு தானியமும்

தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் கதையாகச் சொல்லக் கேட்டிருப்போம். 1876-இல் தொடங்கி 1878 வரை மாகாணத்தை வாட்டிய கொடும்பஞ்சம் அது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகன். இவர் வாழ்க்கை விந்தையானது. தந்தையார் பெருங்கடனாளியாகி, 1848-இல் குடும்பத்தின் மாளிகைப் பொருள்கள் ஏலம் போயின. மகன் சிக்கனத்தாலும் உழைப்பாலும் குடும்பத்தை மீண்டும் நிமிர்த்தினார். பெரிய இரயில்வே நிறுவனம் ஒன்றின் தலைவராயிருந்தார். குடியேற்ற நாடுகளின் அமைச்சராயும் பணி செய்தார். கடனால் வீடு இழப்பது இன்னதென்று அறிந்த ஒரு மனிதர் 1875-இல் நமக்கு ஆளுநராய் வந்தார் என்பதை நினைவில் கொள்க.

பஞ்சம் முற்றியபோது அவர் தானியம் வாங்கவும் நிவாரண வேலை தொடங்கவும் முற்பட்டார். கல்கத்தாவில் இருந்த வைசிராய் லிட்டன் பிரபுவுக்கு அது வீண்செலவாகப் பட்டது. 1877 ஜனவரியில் ரிச்சர்டு டெம்பிள் என்பாரைச் சென்னைக்கு அனுப்பினார். வேலை செய்யும் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் ஓரணாவும் போதும் என்று டெம்பிள் வகுத்தார். மாகாணச் சுகாதார ஆணையராயிருந்த மருத்துவர் கார்னிஷ், இந்த அளவு உணவில் மண் வெட்டும் மனிதன் உயிர் தாங்கான் என்று வாதாடினார். அவர் வாதம் ஓரளவு வென்று, பின்னர் அளவு கூட்டப்பெற்றது. அதற்குள் எத்தனையோ பேர் மாண்டனர். மாகாணத்தில் மாண்டோர் ஏறத்தாழ 35 லட்சம் என்பது ஒரு மதிப்பீடு. நிலமும் குதிரும் உள்ளவன் முதல் ஆண்டைத் தாங்குவான்; அன்றாடக் கூலியன் முதல் மாதத்திலேயே விழுவான். ஆகவே மாண்டோருள் நம்மவர் எத்துணைப் பேர் என்பதை ஊகிக்கப் பெருங்கல்வி வேண்டா. பிழைத்தவர்களுள் பலர் பர்மாவுக்கும் இலங்கைக்கும் நேட்டாலுக்கும் மொரீசியசுக்கும் கப்பலேறினர்.

சென்னையின் ஊடே செல்லும் கால்வாயின் ஒரு பகுதி, அடையாற்றுக்கும் கூவத்துக்கும் இடையிலுள்ளது, அப்பஞ்ச நிவாரண வேலையில் வெட்டப்பட்டது. கால்வாய் முழுவதுக்கும் 1878-இல் பக்கிங்காம் பெயர் வைத்தார்கள். இன்று அதன் கரையில் செல்லும் நம் இளைஞர்கள், அரை வயிற்றோடு அதை வெட்டிய கைகளுள் நம்மவர் கைகளும் இருந்தன என்பதை ஒருகணம் எண்ணுவார்களாக. கோமகனைக் கொடியவர் என்று நாம் கூறோம். ஆனால் பஞ்சம் தீர்ந்தபின் எல்லாம் பழையபடியே ஆயிற்று. கஞ்சித் தொட்டி கலைந்தது. படியாள் மீண்டும் பண்ணைக்குச் சென்றான்.

வென்லாக் காலமும் 1010 எண்ணுள்ள ஆணையும்

இனி நாம் சொல்லப் போவதே இக்கட்டுரையின் நடுப்பொருள். 1891-இல் ஆளுநராய் வந்தவர் வென்லாக் பிரபு. 1849-இல் பிறந்த இவருக்கு இயற்பெயர் பீல்பி லாலி. தம்பி ஆர்தர் லாலியும் பின்னாளில், 1906 முதல் 1911 வரை, நம் மாகாணத்துக்கு ஆளுநராய் வந்தார். மேற்கு ஆஸ்திரேலியாவையும் திரான்சுவாலையும் ஆண்டுவிட்டு இங்கு வந்த தம்பி, முதுமையில் குடும்பப் பட்டமும் எய்தி ஆறாவது வென்லாக் பிரபு ஆனார். ஒரு குடும்பத்துக்கு நாடுகளை ஆளுவது எங்ஙனம் குலத்தொழில் போல் அமைந்தது என்பதற்கு இச்சகோதரர் சான்று. குலத்தொழில் என்ற சொல் நம்மைக் குறிக்கையில் மட்டும் எவ்வளவு பாரமாகிவிடுகிறது!

வென்லாக் பதவியேற்ற அதே ஆண்டில் செங்கல்பட்டில் பொறுப்புக் கலெக்டராயிருந்தவர் ஜே.எச்.ஏ. திரமென்ஹீர். மாவட்ட மக்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினராயிருந்த பறையர் மக்களின் நிலைபற்றி அவர் எழுதிய குறிப்பு 1891 அக்டோபர் 5-ஆம் நாளைக் கொண்டது. நம் மாவட்டத்தைப் பற்றி, நம் மக்களைப் பற்றி, ஒரு கலெக்டர் அரசுக்கு எழுதிய முதற்பெரும் ஆவணம் அது எனலாம். செங்கல்பட்டில் ஸ்காட்லாந்துச் சுதந்திரத் திருச்சபையைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர்ப் பக்கம் வெஸ்லியன் சபையைச் சேர்ந்த கூடி முதலிய பாதிரிமார் முன்னரே இதுபற்றி எழுதியும் பேசியும் வந்தனர்.

திரமென்ஹீர் கண்டு சொன்னவை யாவை? சேரி நிற்கும் மண் மிராசுதாரருடையது. சினம் வந்தால் குடிசையை அகற்றச் சொல்லலாம். ஆகவே கூலி குறைவென்று ஒருவனும் வாய் திறக்க இயலாது. கடனால் கட்டுண்ட படியாள் அக்கடனை ஒருநாளும் தீர்ப்பதில்லை. தரிசு கேட்டுத் தர்காஸ்து கொடுத்தால் மிராசு உரிமை குறுக்கே நிற்கும். கிணறு இல்லை, பள்ளி இல்லை. இவற்றுக்கு அவர் சொன்ன மருந்துகளும் தெளிவானவை. மனை அவர்களுக்கே உரிமையாகட்டும். தரிசு நிலம் அவர்களுக்குக் கொடுக்கப்படட்டும். கொடுத்த நிலத்தைப் பிறர் கவராவண்ணம் விற்கவொண்ணாத நிபந்தனையும் வேண்டும். பள்ளிகள் திறக்கப்படட்டும்.

கோட்டையில் இக்குறிப்பு எங்ஙனம் வரவேற்கப்பட்டது என்பது நம் இளைஞர் கூர்ந்து அறியத் தக்கது. வருவாய் வாரியம் திரமென்ஹீர் மிகைபடக் கூறுகிறார் என்றே கருதியது. மிராசுதாரர் வரி செலுத்துவோர்; அவர் மனம் கோணலாகாது. நீண்ட எழுத்துப் போருக்குப் பின், 1892 செப்டம்பர் 30-ஆம் நாள், வருவாய்த்துறையின் 1010 எண்ணுள்ள ஆணை பிறந்தது. கலெக்டர் கேட்ட அளவுக்கு அது செல்லவில்லை. எனினும், தாழ்த்தப்பட்டோர்க்கு மனையும் நிலமும் கிடைக்கச் செய்வது அரசின் கடமைகளுள் ஒன்று என்பது அன்றுமுதல் ஏட்டில் ஏறியது. பத்தாண்டுகளுக்கு விற்றலோ அடகு வைத்தலோ கூடாது, அதன்பின்னும் தாழ்த்தப்பட்டோர்க்கே கைமாறலாம், மீறினால் அரசே நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்ற நிபந்தனைகள் அடுத்த பல்லாண்டுகளில் உருப்பெற்று வாரியத்தின் நிலையாணையில் இடம் பெற்றன. இந்நிலங்களையே நாம் பஞ்சமி நிலம் என்கிறோம்.

வென்லாக் பெயர் உதகைமேட்டுப் புல்வெளிக்கு இருக்கிறது. மங்களூர் மருத்துவமனைக்கு இருக்கிறது. நம் ஊர்களில் ஒரு பஞ்சமி நிலத்துக்கும் இல்லை. அவர் அந்த ஆணையில் கொண்ட ஈடுபாட்டினை அளந்து சொல்ல நாம் துணியோம். ஆளுநரின் கையெழுத்துக்குக் கீழ் வாரியம், வாரியத்துக்குக் கீழ் கலெக்டர், கலெக்டருக்குக் கீழ் தாசில்தார், அவருக்குக் கீழ் மணியக்காரரும் கர்ணமும். நன்மை செய்யும் ஆணை ஒவ்வொரு படியிலும் சிறிது சிறிதாய்த் தேய்ந்து, ஊர் எல்லையை அடையுமுன் காய்ந்துபோன வாய்க்கால் போல் ஆயிற்று. கர்ணம் யார் உறவினர் என்பதைச் சொல்ல வேண்டுமா? கைநாட்டு வைக்கத் தெரிந்த மனிதனிடம் காகிதத்தை நீட்டினால் நிலம் கைமாறிவிடும். 1994 அக்டோபரில் மாமல்லபுரம் அருகே காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க எழுந்த கிளர்ச்சியில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் நம் இளைஞர் இருவர் உயிர் துறந்தனர். நூற்றிரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஓர் ஆணைக்காக!

அக்காலத்தே நம் முன்னோர் வாளாவிருந்தனர் என்று எண்ண வேண்டா. 1891 டிசம்பரில் அயோத்திதாசப் பண்டிதர் உதகையில் திராவிட மகாசன சபையைக் கூட்டித் தீர்மானங்கள் நிறைவேற்றினார். நமக்கு அண்மையில் உள்ள கோழியாளம் என்ற ஊரிற் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893 அக்டோபரில் ‘பறையன்’ என்ற பெயராலேயே இதழ் ஒன்று தொடங்கினார். வசையாக வழங்கிய சொல்லை முகப்பில் அச்சிட்டு விற்ற அத்துணிவை நம் இளைஞர் எண்ணிப் பார்க்க. அதே ஆண்டு, இந்திய ஆட்சிப் பணித் தேர்வை இந்தியாவிலேயே நடத்த வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது, 3,412 கையொப்பங்களுடன் அதற்கு மாறான விண்ணப்பத்தை அவர் இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார். நாட்டுப்பற்று இல்லாத செயல் என்று இதைச் சிலர் இன்றும் இகழ்வதுண்டு. நமக்கு அவ்விகழ்ச்சி பொருந்துவதாகத் தோன்றவில்லை. கல்வியின் கதவு அடைபட்டிருந்த மக்களுக்கு, கலெக்டர் பதவி முழுதும் மேற்சாதியார் கைக்குப் போனால் திரமென்ஹீர் எழுதியது போன்ற குறிப்பை எழுத ஒருவரும் இரார் என்ற அச்சம் இயல்பன்றோ?

ஹேவ்லக், ஆம்ப்ட்ஹில், லாலி, கார்மைக்கேல் ஆகியோர் காலத்தை விரைந்து கடப்போம். பெண்ட்லண்டு பிரபு 1912 முதல் 1919 வரை ஆண்டார்; 1917-இல் அன்னி பெசண்டு அம்மையாரைக் காவலில் வைத்ததனால் நாடெங்கும் பேசப்பட்டார். அவ்வாண்டு டிசம்பரில் இந்திய அமைச்சர் மாண்டேகு சென்னைக்கு வந்தபோது, நம் அமைப்புகளும் அவர்முன் விண்ணப்பம் வைத்தன.

நியமனம் பெற்றோர்

1919 முதல் 1924 வரை ஆளுநராயிருந்த வில்லிங்டன் பிரபு இளமையில் பெயர்பெற்ற கிரிக்கெட் ஆட்டக்காரர். பம்பாய் ஆளுநராயிருந்து இங்கு வந்தார். இங்கிருந்து சென்றபின் கனடாவின் தலைமை ஆளுநராகி, 1931-இல் வைசிராயாக இந்தியாவுக்கே திரும்பினார். இவர் காலத்தில் இரட்டையாட்சி வந்தது. புதிய சட்டமன்றத்தின் 127 இடங்களில், தாழ்த்தப்பட்டோர்க்கு ஐந்து இடங்கள் ஆளுநரின் நியமனத்தால் கிடைத்தன. சிறு எண்தான். ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓலையில் எழுதப்படாத பெயர் இப்போது அரசிதழில் அச்சாயிற்று.

அவ்வாறு சென்றவர்களுள் தலையாயவர் எம்.சி. ராஜா. பரங்கிமலையில் 1883-இல் பிறந்தவர், பள்ளி ஆசிரியர், பாடநூல்கள் எழுதியவர். (நம் தொழிலர் ஒருவர் முதலில் அங்கே போனார் என்பதில் நமக்குள்ள பெருமையை வாசகர் பொறுத்தருள்க.) பறையர், பஞ்சமர் என்ற சொற்களை நீக்கி ஆதிதிராவிடர் என்றே அரசு வழங்க வேண்டும் என அவர் போராடியதன் பயனாக 1922-இல் அரசாணை வந்தது. 1923-இல் இரட்டைமலை சீனிவாசனும் நியமனம் பெற்றார். ஆப்பிரிக்காவில் பல்லாண்டு வாழ்ந்து திரும்பிய அவர் சட்டமன்றத்தில் வாய் திறந்தது சாலைக்காக. பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அலுவலகம் எதிலும் எந்த வகுப்பாரையும் தடுத்தலாகாது என்ற அவருடைய தீர்மானம் 1924 ஆகஸ்டில் வந்து, செப்டம்பர் 25-ஆம் நாள் 2660 எண்ணுள்ள ஆணையாயிற்று. அப்போது ஆளுநர் கோஷன் பிரபு. ஆணை அவர் பெயரால் வந்தது. சாலையைத் திறந்தவர் கோழியாளத்தார்.

இக்காலத்தில்தான் தொழிலாளர் ஆணையர் துறை தாழ்த்தப்பட்டோர் பணியை ஏற்றது. மனை நிலங்களை விலைகொடுத்து வாங்கிச் சேரிக்குக் கொடுக்கும் வேலை செங்கல்பட்டுச் சீமையிலும் நடந்தது, கிணறுகள் வெட்டப்பட்டன, நம் முதியோர் ‘லேபர் ஸ்கூல்’ என்று அழைத்த பள்ளிகள் தோன்றின. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கு அவையே முன்னோடி. திரமென்ஹீர் கேட்டவற்றுள் சில, அவர் கேட்டு முப்பதாண்டு கழித்து நடந்தேறின. ஒரு தலைமுறை பிறந்து, படிக்காமலே வளர்ந்து, படியாளாகப் போய் முடிந்த காலம் அது.

வில்லிங்டனுக்கு இன்னொரு முகமும் உண்டு. 1921-இல் சென்னைப் பக்கிங்காம் கர்நாடிக் ஆலையின் வேலைநிறுத்தத்தின்போது, வேலைக்குச் சென்ற ஆதிதிராவிடர்க்கும் பிறர்க்கும் புளியந்தோப்பில் கலகம் மூண்டு சேரிகள் எரிந்தன. ஆளுவோர்க்கும் ஆலையார்க்கும் அரசியலார்க்கும் இடையில் நம் மக்கள் பகடையாக்கப்பட்டனர். பின்னர் 1932-இல் இவர் வைசிராயாயிருந்தபோதே வகுப்புத் தீர்ப்பும், காந்தியடிகளின் உண்ணா நோன்பும், செப்டம்பர் 24-இல் பூனா ஒப்பந்தமும் நிகழ்ந்தன. அவ்வரலாற்றை அண்ணல் அம்பேத்கரின் நூல்களிலேயே படித்தறிதல் நன்று. ஈண்டு விரிப்பின் பெருகும்.

எர்ஸ்கின் பிரபு (1934–1940) காலத்தில் இராஜாஜியின் அமைச்சரவை இருந்தது. 1938-இல் எம்.சி. ராஜா கொண்டுவந்த குடியுரிமைத் தடை நீக்கச் சட்டம் நிறைவேறியது. 1939 ஜூலை 8-ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் நுழைந்தபோது, நுழைந்தோர்மேல் வழக்கு வாராமல் காக்க ஆளுநர் எர்ஸ்கின் அவசரச் சட்டம் பிறப்பித்தார். கோயில் திறந்த கதை ஊர்தோறும் பேசப்படுகிறது. நிலத்தின் கதவு அவ்வளவு எளிதில் திறக்கவில்லை என்பதே நம் வருத்தம்.

வெள்ளை ஆளுநர்களுள் கடைசியாய் வந்தவர் ஆர்ச்சிபால்டு நை. இவர் பிரபு குலத்தவர் அல்லர். படைவீரர் ஒருவரின் மகன். படைவீரர் பிள்ளைகளுக்கான பள்ளியில் பயின்று, சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, முதல் உலகப்போரில் அதிகாரியாகி, இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் இராணுவத் தலைமையகத்தின் இரண்டாம் இடத்தை எட்டியவர். பட்டமும் பரம்பரையும் உடையோர் அமர்ந்த நாற்காலியில், கடைசியில் ஓர் ஏழைப் பள்ளிப் பிள்ளை அமர்ந்தார். 1946-இல் வந்து, விடுதலைக்குப் பின்னும் 1948 செப்டம்பர் வரை இருந்து, பாவநகர் மன்னர் கிருஷ்ணகுமாரசிங்கிடம் பொறுப்பை ஒப்படைத்தார்.

நை வந்த அதே 1946-இல், சென்னைச் சட்டப்பேரவையின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஜே. சிவசண்முகம் பிள்ளை. 1937-இல் சென்னை மாநகராட்சியின் மேயராய் அமர்ந்த முதல் ஆதிதிராவிடர், எம்.ஏ. பட்டதாரி. 1955 வரை அவரே பேரவைத் தலைவர். அந்த ஒன்பது ஆண்டுகளில் நை, பாவநகர் மன்னர், ஸ்ரீபிரகாசா என்ற மூன்று ஆளுநர்கள் மாறினர். ஆளுநர் அவைக்கு உரையாற்ற வரும்போது வாயிலில் நின்று வரவேற்று, உள்ளே அழைத்துச் சென்று அமரச் செய்வது பேரவைத் தலைவரின் கடமை. அக்கடமையை அந்நாளில் செய்தவர் நம்மவர்.